வயிற்றுக்குள் ஒரு வரவு

ஆவணிக் கடைசி. சலாலாவில் சாரல் இன்னும் விடவில்லை.
கண்ணாடிக் கதவில் எழுதிய கடைப்பெயர்
உள்ளிருந்து பார்க்கையில்
இடவலம் மாறி வியர்க்கிறது.
கல்லாவில் நான்.
பின்கட்டில் பக்கீத்தின் மகன்
கத்தி தீட்டும் சத்தம்.

இங்கே மாட்டுக்கு மீன்தான் விலை.
சொன்னால் அறந்தாங்கியில் சிரிப்பார்கள்.
மாசியில் மலை காய்ந்து கிடக்கும்போது
மிர்பாத் கரையில் உலர்ந்த மத்தியை
மூட்டை மூட்டையாக மேலே அனுப்புவார் பக்கீத்.
மாடுகள் அதைத் தின்னும்.
முதல் வருஷம் நான் நம்பவில்லை.
இரண்டாம் வருஷம்
பாலை மோந்து பார்த்து நம்பினேன்.
மழை வந்து, புல் வந்து,
விலா எலும்பை மூடச் சதையும் வந்தபின்
மூட்டைக் கணக்கு
நாலு காலில் இறங்கி வரும்.

அவருடைய அப்பா காலத்தில் எல்லாம் வாய்க்கணக்கு.
நோட்டு நான் வந்த பிறகு.
‘தஃபூல், பதினாலு மூட்டை’ என்று எழுதினேன்.
அந்தம்மா ஒப்பவில்லை.
வெள்ளைக்காதிக்கு ஆறு,
கோணக்கொம்பியின் மகளுக்கு ஐந்து,
மிச்சம் மூன்று யாருக்கென்று
மழைக்குப் பிறகுதான் தெரியும் என்றாள்.
அப்படியே எழுதினேன்.
வேறு எப்படி எழுத?

இன்று காலை
பிக்கப் வண்டியில் ஒரே ஒரு மாடு.
செவலை. குட்டை. ஈரத்தில் பளபளக்கும் முதுகு.
வெள்ளைக்காதி இல்லை, கோணக்கொம்பியின் மகளும் இல்லை;
பனிமூட்டத்தில் சரிவில் கால் வழுக்கி
ஒரே வாரத்தில் இரண்டும் போயின.
அதைச் சொல்லிவிட்டுத் தஃபூல்
முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.
சாரல்தான் என்று வைத்துக்கொண்டோம்.

பக்கீத் வெளியே போனார்.
அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்தார்.
எடுக்கவில்லை.
தீட்டும் சத்தம் நின்றது.

“இதை ஏன் கொண்டுவந்தாய்?”
“கடன் முடியட்டும்.”
“உள்ளே கன்று இருக்கிறது.”
“தெரியும். இரண்டுக்கும் சேர்த்துப் போடு.”
“என் அப்பா சினைமாட்டை அறுத்ததில்லை.”
“உன் அப்பா கடனை விட்டதும் இல்லை.”

அதற்குப் பிறகு மலைமொழியில் பேசினார்கள்.
பதினோரு வருஷம் கேட்டும்
அதில் எனக்குப் பிடிபட்டது
மாட்டை அதட்டும் சத்தம் மட்டும்.
இரண்டு பேரும் மாட்டைப் பார்த்தே திட்டிக்கொண்டார்கள்.
மாடு பக்கீத்தின் மணிக்கட்டை நக்கியது,
உப்புக்காக இருக்கும்.

உள்ளே வந்தவர், “எழுது” என்றார்.
“என்ன எழுத?”
“கன்று, ஒன்று.”
“இன்னும் பிறக்கவில்லையே.”
“அதனால்தான் எழுதச் சொல்கிறேன்.
பிறந்துவிட்டால் எனக்கே ஞாபகம் இருக்கும்.”

காளை என்றால் கடைக்கு.
கிடாரி என்றால் அவளிடமே இருக்கட்டும்,
அது போடும் முதல் காளை கடைக்கு.
அதுவும் கிடாரி போட்டால்
அதைப் பக்கீத்தின் மகன் பார்த்துக்கொள்வான்.
என் நோட்டில் இதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.

தஃபூல் போகவில்லை.
கதவைப் பிடித்துக்கொண்டு நின்று,
“இப்போது இவள் இரண்டு வாய்க்குத் தின்பாள்,
மூன்று மூட்டை ஏற்று” என்றாள்.
கடன்காரி கேட்கிற கேட்பா இது!
பக்கீத் என்னைப் பார்க்காமலே
மூன்று விரல் காட்டினார்.

மாடு வந்த வண்டியிலேயே திரும்பி ஏறியது,
மத்தி மூட்டையில் மூக்கை வைத்தபடி.

பிரச்சினை மதியத்துக்குத்தான்.
ஓட்டலுக்கு நாற்பது கிலோ சொல்லியிருந்தோம்.
குளிர்க்கிடங்குக்குப் போன் போட்டேன்.
இரண்டு பெட்டி வந்தது:
இந்திய எருமை, எலும்பில்லாதது,
இருபது இருபது கிலோ.
அட்டையில் தேதி இருந்தது, எடை இருந்தது,
ஏற்றிவிட்ட துறைமுகம் இருந்தது.
பழக்கதோஷத்தில்
திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
பேர் எங்காவது போட்டிருக்கிறதா என்று.

“துரை, என்ன தேடுகிறாய்?” என்றான் பையன்.
கத்தியை எடுத்துவரச் சொன்னேன்,
பெட்டியின் நாடாவை அறுக்க.